ஏழில் முடியும் எண்கள்

அண்ணி: தொட்டிலை இடிக்காதே.

தங்கை: நான் இடிக்கல அண்ணி. பை இடிச்சது.

அண்ணி: பையில என்ன, செங்கல்லா?

தங்கை: ரெண்டு பெட்டி. ஆபீஸ்லேர்ந்து.

அண்ணி: அது எதுக்கு என் வீட்டுக்கு?

தங்கை: ஆம்புலன்ஸ்ல வெக்கிற குரல் பெட்டி. உள்ள ஓடறது நீங்க எழுதின புரோகிராம், அந்த மாட்யூல். உங்க வீட்டுக்கு வராம வேற எங்க...

அண்ணி: மெதுவா. இப்பதான் கண்ணை மூடினா.

தங்கை: மகாராணி தூங்கட்டும். நான் வாயே திறக்கல.

அண்ணி: நீ வாயைத் திறக்கலேன்னா அன்னிக்கு காக்கா வெள்ளையாப் பறக்கும். யார் வரச் சொன்னா? உங்கண்ணனா?

அண்ணன்: நான் இங்க பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். எனக்கு எதுவும் தெரியாது.

அண்ணி: பாரு. கேள்வி இங்க இருக்கு, பதில் சமையலறையிலேர்ந்து வருது.

தங்கை: அண்ணன் பாவம். ஒரு பல் டாக்டருக்கு என்ன தெரியும்... அண்ணி, குரல் உடையுது.

அண்ணி: யார் குரல்?

தங்கை: ஆம்புலன்ஸ் நர்ஸோடது. அவங்க வண்டியிலேர்ந்து பேசறாங்க, ஆஸ்பத்திரியில டாக்டருக்கு பாதிதான் கேக்குது. 'ரத்த அழுத்தம் நூத்தி...' அப்புறம் ஒரே கரகர. நூத்தி இருபதா, நூத்தித் தொண்ணூறா? யாருக்குத் தெரியும்?

அண்ணி: நிஜ நோயாளியா?

தங்கை: இல்ல இல்ல. சோதனை வண்டிதான். டிரைவர் ஸ்ட்ரெச்சர்ல படுத்து நடிச்சார். நல்லாவே முனகினார்.

அண்ணி: அப்பாடா.

தங்கை: ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து நிஜ வண்டி.

அண்ணி: ம்... ஜெராக்ஸ் என்ன சொல்றான்?

தங்கை: எதுக்கு அவனை இழுக்கறீங்க?

அண்ணி: சொல்லு.

தங்கை: உங்க மாட்யூலைத் தூக்கிப் போட்டுட்டு, பழைய ப்ராடக்ட்ல இருக்கறதை எடுத்து ஒட்டிடலாங்கறான்.

அண்ணி: அவன் பொறந்ததுலேர்ந்து ஒரு வரி சொந்தமா எழுதினதில்ல.

தங்கை: அதனாலதானே அந்தப் பேர்.

அண்ணி: கொட்டாவி?

தங்கை: மேனேஜர்தானே... வழக்கம்போல ஒரு கொட்டாவி விட்டார். 'நாலு மணிக்கு அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துடலாம்'னார்.

அண்ணி: நாலு மணிக்கு எனக்கு வர்ற ஃபோன் அதுக்கும் சேர்த்துதானா? லீவு முடியுது, திரும்ப வர்றியா இல்லையான்னு கேக்கறதா சொன்னார்.

தங்கை: நீங்க என்ன சொல்லப் போறீங்க?

அண்ணி: ரெண்டுக்கும் ஒரே பதில்தான். மாட்யூலை எடுத்துடுங்க. என்னையும் எடுத்துடுங்க.

தங்கை: அண்ணி...

அண்ணி: நேத்து பீரோவைத் திறந்தா உள்ள பால் புட்டி. ஃப்ரிட்ஜைத் திறந்தா பீரோ சாவி. இந்த மூளையை வெச்சுக்கிட்டு மெஷினோட ஆணிவேர் மாதிரி இருக்கற கெர்னல்ல கை வெக்கணுமா? மழுங்கிப் போச்சு வாண்டு. 'ங்கா' தவிர வேற மொழி மறந்துபோச்சு.

தங்கை: சரி. விடுங்க. நான் ஒரு ஓரமா உட்கார்ந்து பார்த்துட்டுப் போறேன். ஆபீஸ்ல ஒரே சத்தம்.

அண்ணி: பாரேன். யார் வேண்டாம்னா.

தங்கை: ஒரு பெட்டி சமையலறையில, ஒரு பெட்டி இங்க. அண்ணா! அந்த மேடையை கொஞ்சம் துடை. அது ஆம்புலன்ஸ், இது ஆஸ்பத்திரி.

அண்ணன்: நான் யாரு, நோயாளியா?

தங்கை: நீ நர்ஸ். அந்த பட்டனை அமுக்கிக்கிட்டே பேசணும். விட்டா நாங்க பேசற முறை.

அண்ணி: எங்க அந்த வயரைக் காட்டு.

தங்கை: இதா?

அண்ணி: பெட்டியில நேரா சொருகற சீரியல் வயரைக் கொண்டு வந்திருக்கே.

தங்கை: கையில கிடைச்சது அதுதான். நீளமா இருக்கு, சமையலறை வரைக்கும் போகும்.

அண்ணி: ஓ, அப்படியா.

தங்கை: என்ன அண்ணி?

அண்ணி: ஒண்ணுமில்ல. கால் தடுக்கும், சுவரோரமா விடு.

தங்கை: அண்ணா, பேசு.

அண்ணன்: என்ன பேச?

அண்ணி: ஊரையே வாயைத் திற, வாயைத் திறன்னு சொல்ற மனுஷன். இவரை வாய் திறக்க வெக்க நாம கெஞ்சணும்.

அண்ணன்: இரு, இங்க வாஷிங் மெஷின் வாரண்டி அட்டை இருக்கு. படிக்கட்டுமா?

தங்கை: படி, படி.

பெட்டியில் அண்ணன்: இந்த இயந்... வாங்கிய... லிருந்து இரண்... தண்ணீர்க் கு... பொறுப்ப...

அண்ணி: கர்மம். இதுவா என்னோடது?

தங்கை: அதுல விஷயம் என்னன்னா அண்ணி, ஆபீஸ்லேர்ந்து நெட்வொர்க் வழியா லாகின் பண்ணி, பெட்டி எழுதி வெக்கிற லாகைப் பார்த்தா கண்ணாடி மாதிரி பேசுது. லாகினை எடுத்தா மறுபடி கரகர. டிரைவர் சிரிக்கறார். உங்க ஆளுங்க வந்தா மட்டும் ஒழுங்கா இருக்குங்கறார்.

அண்ணி: டாக்டரைப் பார்த்ததும் ஜுரம் விட்ட கதை.

தங்கை: அதேதான். ஜெராக்ஸ் அதுக்குப் பேய்ப் பெட்டின்னு பேர் வெச்சிருக்கான்.

அண்ணி: பேயா? நான் எழுதினதுல பேயா? தள்ளு.

தங்கை: எதுக்கு?

அண்ணி: லாப்டாப்பை இப்படி வை, நாற்காலியை விடுடி. நீ அந்தக் கூடையில இருக்கற துணியை மடி.

தங்கை: நான் டெஸ்டர் அண்ணி, துணி மடிக்க...

அண்ணி: பேபி சட்டையை மூணா மடிக்கணும். நாலா மடிச்சா அடுக்குல நிக்காது. ஏங்க, படிச்சுக்கிட்டே இருங்க!

அண்ணன்: கை வலிக்குது. எவ்வளவு நேரம் பட்டனை அமுக்கறது?

தங்கை: ரப்பர் பேண்ட் இருந்தா சுத்தி விடு அண்ணா.

அண்ணன்: ஆ... சுத்திட்டேன். இப்ப நான் ஒரு கையால நர்ஸ், இன்னொரு கையால பாத்திரம்.

அண்ணி: வாண்டு, இங்க வா. இப்ப நாம லாகைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்?

தங்கை: ஆமா.

அண்ணி: பார்த்தா நல்லாப் பேசும்னே. ஏன் உடையுது?

தங்கை: அதானே! ஏன் அண்ணி?

அண்ணி: என்ன இப்படி ஆச்சரியப்படறே. நாடகத்துக்கு டிக்கெட் விக்கலாம் போலிருக்கே.

தங்கை: நிஜமாத்தான் கேக்கறேன்.

அண்ணி: ஆபீஸ்ல பார்த்தது நெட்வொர்க் வழியா. இங்க பார்க்கறது வயர் வழியா. நெட்வொர்க் வழியா பார்த்தா, பார்க்கறதுக்கே பெட்டிக்கு உள்ள ஏதாவது போய்க்கிட்டே இருக்கும். வயர்ல போனா நெட்வொர்க் பக்கம் ஈ காக்கா வராது.

தங்கை: ம்.

அண்ணி: அப்போ நாம பார்க்கறது பெட்டிக்குப் பெரிசில்ல. கண்ணு பட்டு அது குணமாகல. யாரோ கதவைத் தட்டினதால குணமாச்சு.

தங்கை: கதவு தட்டறதுன்னா?

அண்ணி: என் கோட்ல ஒரு வரி இருக்கு. இரு... மேல போ, மேல போ... இதோ. வெளியிலேர்ந்து எது வந்தாலும், வந்த சாக்குல ஒருதடவை க்யூவைப் பாரு, அனுப்ப வேண்டியது கிடந்தா அனுப்பிடு. நானே எழுதினது. வந்த காலோட குப்பையையும் எடுத்துட்டுப் போங்கற மாதிரி.

தங்கை: நல்ல வரிதானே.

அண்ணி: ரொம்ப நல்ல வரி. அதுதான் உண்மையை மூடி வெச்சிருக்கு. நாம ஒவ்வொரு தடவை எட்டிப் பார்க்கும்போதும் நாமளே மருந்து கொடுத்துட்டு, நோயே இல்லேன்னு சொல்லிட்டு வந்திருக்கோம்.

தங்கை: அப்போ நோய் என்ன?

அண்ணி: யாரும் தட்டலேன்னா அது தானா எழுந்திரிக்கல. ஆனா எழுந்திரிக்கணுமே... ரெண்டு மில்லிசெகண்டுக்கு ஒருதடவை எழுப்புன்னு டைமர் வெச்சிருக்கேனே. அழுதுட்டா. போச்சு.

தங்கை: நான் எடுக்கறேன் அண்ணி, நீங்க இருங்க.

அண்ணி: உன்கிட்ட வந்தா இன்னும் அழுவா. ஏங்க! மகளைக் கொஞ்சம் தூக்குங்க!

அண்ணன்: வந்தேன், வந்தேன். வாடி செல்லம்... அப்பா கூட வா. உங்கம்மாவுக்கு வேற குழந்தை கிடைச்சிருச்சு.

அண்ணி: படிக்கறதை நிறுத்தாதீங்க. இடுப்புல வெச்சுக்கிட்டே படிங்க.

அண்ணன்: வாரண்டி முடிஞ்சுபோச்சு. எச்சரிக்கைகள்னு ஒரு பக்கம் இருக்கு.

அண்ணி: அதைப் படிங்க.

பெட்டியில் அண்ணன்: ஈரமான கை... தொட வே... சிறு குழந்தை... அருகில்...

தங்கை: அண்ணி, மணி மூணரை ஆகுது.

அண்ணி: மணியைப் பத்திப் பேசாதே. இந்த எண்ணுங்களை மட்டும் பாரு. குரலோட ஒவ்வொரு துண்டும் வெளியே போன நேரம், மில்லிசெகண்டுல. கடைசி எண்ணை மட்டும் எனக்கு வாசி.

தங்கை: ஏழு. ஏழு. ஏழு, ஏழு, ஏழு.

அண்ணி: அடுத்தது?

தங்கை: ஏழு. எல்லாமே ஏழு அண்ணி.

அண்ணி: பதினேழுல அஞ்சு துண்டு. இருபத்தேழுல அஞ்சு. முப்பத்தேழுல அஞ்சு. நடுவுல ஒண்ணு கூட இல்ல. பத்தொன்பது எங்க? இருபத்தொண்ணு எங்க? ரெண்டு ரெண்டாப் போகச் சொன்னா பத்து பத்தாத் தாவுது. வாண்டு.

தங்கை: ம்?

அண்ணி: இந்தக் கெர்னல் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை கடிகாரத்தைப் பார்க்கும்?

தங்கை: நூறு.

அண்ணி: நான் எழுதின மெஷின்ல ஆயிரம்! ஆயிரம் தடவை பார்க்கும்! இங்க நூறு! பத்து மில்லிசெகண்டுக்கு ஒருதடவைதான் இது தலையையே நிமிர்த்துது. அதுகிட்டப் போய் ரெண்டுல எழுப்புன்னு சொல்லியிருக்கேன்!

அண்ணன்: என்ன அங்க கத்தல்? குழந்தை மிரளுது.

அண்ணி: கண்டுபிடிச்சாச்சுங்க!

அண்ணன்: எனக்குப் புரியற மாதிரி சொல்லு, சந்தோஷப்படறேன்.

அண்ணி: ஒரு வாட்ச்மேன் இருக்கான். மணிக்கு ஒருதடவைதான் மணி அடிப்பான். அவன்கிட்டப் போய் பத்து நிமிஷத்துல என்னை எழுப்புன்னு சொல்லிட்டுத் தூங்கறேன். எப்ப எழுப்புவான்?

அண்ணன்: அடுத்த மணிக்கு.

அண்ணி: அதுக்குள்ள வாசல்ல ஆறு பேர் வந்து நிக்கறாங்க. எழுந்ததும் ஆறு பேரையும் ஒரே தள்ளா உள்ள தள்ளறேன். உள்ள மூணு நாற்காலிதான் இருக்கு.

அண்ணன்: மீதி மூணு பேர்?

அண்ணி: கீழ. அவங்கதான் உங்க வாரண்டியில காணாமப் போன எழுத்து.

அண்ணன்: அட! என் கிளினிக் மாதிரியே இருக்கே.

தங்கை: அப்போ கோட் தப்பில்லையா அண்ணி?

அண்ணி: கோட் சரி. நம்பின கடிகாரம் தப்பு. இவ்வளவு நேரமும் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையாயிடுமோன்னு.

தங்கை: கூடம் நிஜமாவே கோணல்.

அண்ணி: கோணல். ஆனா கோணக் கூடத்துலயும் ஆடத் தெரியணும். அதுதானே வேலை.

தங்கை: கெர்னலையே ஆயிரம் தடவை பார்க்கச் சொல்லிட்டா என்ன?

அண்ணி: பேட்டரி?

தங்கை: தீர்ந்துடும்.

அண்ணி: தெரிஞ்சுக்கிட்டே ஏன் கேக்கறே?

தங்கை: சும்மா. ஜெராக்ஸ் இதைத்தான் கேப்பான்.

அண்ணி: அவன் கேக்கட்டும். வாட்ச்மேனை ஓட ஓட விரட்டக் கூடாது. நானே சொந்தமா ஒரு அலாரம் வெச்சுக்கறேன். அந்தச் சிப்புல நுணுக்கமான டைமர் ஒண்ணு சும்மா கிடக்கு. வேணும்கிறப்போ மட்டும் அடிக்கும், மத்த நேரம் எல்லாரும் தூங்கலாம்... இதோ. இந்தப் பழைய டைமர் போச்சு. இங்க புதுசு. சமையலறைப் பெட்டியிலேர்ந்து மெமரி கார்டை எடுத்துட்டு வா.

தங்கை: இந்தாங்க.

அண்ணி: கம்பைல் ஆகட்டும்... கொண்டுபோய்ச் சொருகு. நிதானமா.

தங்கை: சொருகிட்டேன். லைட் எரியுது.

அண்ணி: ஏங்க, படிங்க.

பெட்டியில் அண்ணன்: ஈரமான கைகளால் தொட வேண்டாம். சிறு குழந்தைகளை...

அண்ணி: வருது! வருது பாரு!... என்ன நின்னுபோச்சு? ஏங்க, படிங்கன்னா!

அண்ணன்: படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்! பெட்டியில லைட்டே அசையல.

அண்ணி: உறைஞ்சுபோச்சு.

தங்கை: இங்கதான் எனக்கும்...

அண்ணி: உனக்கும்?

தங்கை: எனக்கும்... பயமா இருந்துச்சு. இங்க ஏதாவது ஆகும்னு.

அண்ணி: ஓஹோ.

தங்கை: மணி வேற ஆயிடுச்சு அண்ணி. வேணும்னா கொட்டாவிகிட்ட, காரணம் தெரிஞ்சுபோச்சு, ரெண்டு நாள் கொடுங்கன்னு...

அண்ணி: காரணம் தெரிஞ்சவ ரெண்டு நாள் கேப்பாளா? சும்மா இரு. யோசிக்க விடு.

தங்கை: இருக்கேன்.

அண்ணி: பழைய டைமர் சாது. உள்ள ஒருத்தன் வேலை பார்த்தா வெளியே நிக்கும். புதுசு அப்படி இல்ல. யாரையும் கேக்காது. நேரமாச்சுன்னா நேரா உள்ள.

தங்கை: சரி.

அண்ணி: க்யூவுக்கு ஒரு பூட்டு போட்டிருக்கேன். ஒரு சமயத்துல ஒருத்தன்தான் தொடலாம். ஒருத்தன் பூட்டிட்டு உள்ள வேலை பார்க்கறான். அந்த நேரம் பார்த்து இந்த அலாரம் வந்து அவன் தோள் மேல ஏறி உட்காருது. எனக்கும் பூட்டு வேணும், நீ திறக்கற வரைக்கும் இறங்க மாட்டேங்குது.

தங்கை: இது இறங்கினாத்தானே அவன் கையை அசைச்சுத் திறக்க முடியும்?

அண்ணி: அவன் திறந்தாத்தானே இது இறங்கும்.

தங்கை: ஐயோ... இதுவா! இதுதானா அண்ணி!

அண்ணி: இப்பதான் நிஜமா ஆச்சரியப்படறே. பூட்டைப் போடும்போதே அலாரத்தோட வாயையும் மூடணும். திறந்ததும் விட்டுடணும். ஒரே வார்த்தை மாத்தினாப் போதும். பூட்டற இடத்துல எல்லாம். எத்தனை இடம்? இங்க... இங்க... இன்னொண்ணு இருக்கணுமே. எங்க ஒளிச்சு வெச்சேன்... இதோ. ஆச்சு. கார்டு.

தங்கை: குழந்தை அண்ணன் சட்டையைக் கடிச்சுக்கிட்டிருக்கா அண்ணி.

அண்ணி: கடிக்கட்டும். பல் டாக்டர் சட்டை. ஓடு.

தங்கை: சொருகிட்டேன்.

அண்ணி: படிங்க.

பெட்டியில் அண்ணன்: ஈரமான கைகளால் தொட வேண்டாம். சிறு குழந்தைகளை அருகில் விட வேண்டாம். இயந்திரம் ஓடும்போது மூடியைத் திறக்க வேண்டாம். கைபேசி, சாவி, நாணயம் ஆகியவை பைகளில் உள்ளனவா என்று...

அண்ணி: இன்னும்.

பெட்டியில் அண்ணன்: ...சரிபார்க்கவும். இயந்திரத்தின் மேல் ஏறி நிற்க வேண்டாம். ஏன், யார் ஏறி நின்னான்? ஏதோ ஒருத்தன் ஏறியிருக்கான், அதான் எழுதியிருக்கான்.

தங்கை: ஒரு எழுத்து விடல.

அண்ணி: கடைசி எண்ணை வாசி.

தங்கை: ஒண்ணு. மூணு. அஞ்சு. ஏழு. ஒம்பது. ஒண்ணு. மூணு...

அண்ணி: இன்னொரு தடவை வாசி.

தங்கை: ஒண்ணு. மூணு. அஞ்சு. ஏழு. ஒம்பது. அழறீங்களா அண்ணி?

அண்ணி: சீ. தூக்கம் சரியில்ல, கண்ணு எரியுது. ஏங்க, போதும்! முடிஞ்சுது! நல்லாப் படிச்சீங்க!

அண்ணன்: முடிஞ்சுதா? சரி, நாங்க இங்கயே இருக்கோம். இவ இப்பதான் சிரிக்க ஆரம்பிச்சா.

தங்கை: பெட்டியை எடுத்து வெச்சுடட்டுமா அண்ணி?

அண்ணி: ஓடட்டும். கொஞ்ச நேரம் பார்க்கணும் போல இருக்கு. ஸ்கூல் விட்டு வரிசையாப் போற பசங்க மாதிரி இல்ல?

பெட்டியில் அண்ணன்: ...கேட்டியாடி செல்லம்? கண்டுபிடிச்சுட்டாளாம். யாரு? உங்கம்மா. யாருடி அது? உங்கம்மாடி.

தங்கை: அண்ணா ரப்பர் பேண்டை எடுக்கல... நான் போய்...

அண்ணி: உட்காரு.

பெட்டியில் அண்ணன்: அடுத்த வாரம் ஒரு வண்டி சைரன் போட்டுக்கிட்டுப் போகும். உள்ள ஒரு நர்ஸ் பேசுவா. அந்தப் பக்கம் ஒரு டாக்டருக்கு ஒரு எழுத்து விடாம கேக்கும். அவங்க ரெண்டு பேருக்கும் உங்கம்மா யாருன்னே தெரியாது. நமக்குத் தெரியும். என்ன?

தங்கை: அண்ணி, நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேனே...

அண்ணி: உட்காருன்னேன்.

பெட்டியில் அண்ணன்: ஒரு ரகசியம் சொல்லட்டா? இந்தக் கடிகார விஷயம் உங்க அத்தைக்கு முந்தாநாளே தெரியும். அம்மாகிட்ட சொல்லிடாதே. வேலையை விடறேங்கறாடி, வந்து ஏதாவது பண்ணுன்னு அப்பாதான் ஃபோன் பண்ணேன். அத்தை சொன்னா, நான் ஒண்ணும் பண்ண வேண்டாம், பெட்டியை அவங்க முன்னாடி வெச்சாப் போதும்னு...

அண்ணி: ரொம்பத் தெளிவாக் கேக்குது.

தங்கை: அண்ணி, நான் சொல்றதைக் கொஞ்சம்...

அண்ணி: மூச்சு விடறது கூடக் கேக்குது பாரு. அந்த ஃபோனை எடு. அடிக்குது.

தங்கை: கொட்டாவி.

அண்ணி: கொடு... வணக்கம் சார். ம். ம். இல்ல சார், எடுக்க வேண்டாம்... எடுக்க வேண்டாம்னு சொன்னேன் சார். சரியாயிடுச்சு. இப்ப, என் வீட்டு ஹால்ல. கெர்னலோட கடிகார டிக்கை நம்பினதுதான் தப்பு, நுணுக்க டைமருக்கு மாத்திட்டேன், பூட்டையும் சரி பண்ணிட்டேன்... ஆமா சார், பேட்டரி தாங்கும்... பேயெல்லாம் இல்ல சார். பேய்ன்னு சொன்னவரை நாளைக்கு வந்து எண்ணுங்களை வாசிச்சுப் பார்க்கச் சொல்லுங்க... யாரு கண்டுபிடிச்சாங்கன்னு கேக்கறீங்களா? ரெண்டு பேர் சார். தனித்தனியா. என் நாத்தனார் எனக்கு முன்னாடியே. பேர் போடும்போது ரெண்டு பேரையும் போடணும்... எது சார்? லீவா? ... திங்கக்கிழமை வர்றேன். ஆமா. வர்றேன். வெச்சுடறேன் சார்.

தங்கை: அண்ணி!

அண்ணி: கத்தாதே. அப்பாவும் மகளும் இன்னும் பேசிக்கிட்டிருக்காங்க.

தங்கை: எனக்குக் காரணம் மட்டும்தான் அண்ணி தெரியும். சத்தியமா. டைமரை மாத்தினேன், பெட்டி உறைஞ்சு உறைஞ்சு போச்சு. முந்தாநாளிலேர்ந்து அங்கதான் முட்டிக்கிட்டு நின்னேன். அந்தப் பூட்டு எனக்குத் தோணவே இல்ல. உங்களாலதான் ஆச்சு.

அண்ணி: தெரியும்.

தங்கை: அண்ணன் உளறினதாலதானே தெரிஞ்சுது?

அண்ணி: நெட்வொர்க் வழியாப் பார்த்தா பெட்டி நல்லாப் பேசுது. அதுக்குக் காரணம் தெரியாதவ நெட்வொர்க் வயரைத்தான் கொண்டு வருவா. நீ அதை ஆபீஸ்ல விட்டுட்டு சீரியல் வயரைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துட்டு வந்திருக்கே.

தங்கை: பையைத் திறந்தப்பவேவா? அப்பவே தெரிஞ்சுபோச்சா? அப்புறம் ஏன் அண்ணி என்னை ஒரு வார்த்தை கேக்கல?

அண்ணி: கேட்டிருந்தா நீ சொல்லியிருப்பியே.